துளை எண் மூன்று

விண்ணப்பத்தில் இப்படி இருக்கிறது:
விச்சூருக்கு வடக்கே இரண்டரை ஏக்கர்,
ஆறு மீட்டர் ஆழம்வரை கிராவல் கிடைக்கும்.
அந்தக் 'கிடைக்கும்' என்ற சொல்லைச் சரிபார்க்க
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

முக்காலி நட்டாகிவிட்டது.
மஸ்தான் கயிற்றை இழுத்து விடுகிறார்.
அறுபத்து மூன்றரை கிலோ இரும்பு
முக்கால் மீட்டர் உயர்ந்து விழுகிறது.
குழாய் ஒரு சாண் இறங்க எத்தனை அடி
என்று எண்ணுவது என் வேலை.
நாலு. அஞ்சு. ஆறு.
இடையில் போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.
தவறவிட்ட அடியை மண் திருப்பித் தராது.

முதல் துளையில் அரை மீட்டர் சவுடு, செம்பழுப்பு,
உள்ளங்கையில் உருட்டினால் திரியாகி உடைகிறது.
அதன்கீழ் கிராவல், சுண்டைக்காய் பருமன், உருண்டை.
ஆறு ஒரு காலத்தில் இங்கே திரும்பியிருக்க வேண்டும்.
டேப்பை வைத்தேன்: தொண்ணூறு சென்டிமீட்டர்.
அவ்வளவுதான் ஆற்றின் சொத்து.
பிறகு கறுப்புக் களி, அழுகிய முட்டை நாற்றம்,
நடுவில் ஒரு சிப்பி,
இன்னும் வாயைத் திறக்காமல்.

இரண்டாவதிலும் இதேதான்.
உரிமையாளரின் ஆள் தேசப்பன்
வேலிகாத்தான் நிழலில் பைக்கைச் சாய்த்துவிட்டு வந்தார்.
"இன்னா மேடம், ஆறு மீட்டர் வந்துச்சா?"
"ஒரு மீட்டர்கூட வரல சார்."
"அந்தாண்ட போட்டுப் பாருங்க. அங்க கல்லு ஷோக்கா கீது."

அந்தாண்டை, மூன்றாவது துளை.
முதல் அடியிலேயே மஸ்தான் என்னைப் பார்த்தார்.
சத்தம் வேறு.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்றில் கம்பி எகிறிக் குதித்தது.
தேசப்பன் யாருக்கோ போன் போட்டு
"கெட்டி சார், செம கெட்டி" என்றார்.

குழாயை இரண்டாகப் பிளந்து விரித்தேன்.
செங்கல் தூள். சிமென்ட் கட்டி.
குளியலறை ஓடு ஒன்று, அதில் பாதி நீலப் பூ.
சுவிட்ச் பலகையின் மூலை.
ஒரு சுவர்ச் சில்லு:
மேலே பச்சை, பச்சைக்கடியில் ரோஸ்,
ரோஸுக்கடியில் வெள்ளை.
மூன்று பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு.

முன்பே யாரோ தோண்டி விற்ற பள்ளம் இது.
நகரம் இடித்த வீடுகளை
ராத்திரி லாரிகள் கொட்டி மூடியிருக்கின்றன, நாலு மீட்டர்.
இனி இதைத் தோண்டி ஏற்றிப்போய்
தண்ணீர் நிற்கும் மனைகளை உயர்த்துவார்கள்.
உயர்ந்த மனையின் தண்ணீர்
பக்கத்து மனைக்குப் போகும்.

படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு,
ஈரத்துக்கும் இறுக்கத்துக்கும் உண்டு.
பூவுக்கு இல்லை. 'நிரப்பு மண்' என்று எழுதினேன்.

"தண்ணி மட்டம் மே மாசத்துக் கணக்கு போட்டுக்கோங்க மேடம்."
இது கார்த்திகை.
இறக்கிய நாடா ஒன்றே கால் மீட்டரில் நனைந்தது.
கூடாதென்று தெரியும், இருந்தும்
நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தேன்.
கடல் வந்து சேர்ந்துவிட்டது, சத்தமில்லாமல்.

'இதற்குமுன் வெள்ளம் புகுந்ததுண்டா?'
மோட்டார் ரூம் சுவரில் என் மார்பளவுக்கு
ஒரு எண்ணெய்க் கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல்.
ஓரிடத்தில் மட்டும் தேய்த்த தடம்.
எருமையை அவிழ்த்துக்கொண்டிருந்த சம்பூரணம் சொன்னாள்:
"நான்தான் தேச்சேன். மூணு சோப்பு கரைஞ்சிது.
அது போவல."

'ஆம்' என்று எழுதினேன்,
கார்பனுக்கடியில் மூன்றாம் நகலிலும் விழும்படி.
தேசப்பன் எட்டிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.
பைக்கை உதைத்தார், மூன்றாம் உதைக்குக் கிளம்பியது.

தண்டையார்ப்பேட்டை லேபுக்கு பஸ்ஸில்
பன்னிரண்டு பைகள். மூன்றாம் துளை மடியில்.
கண்டக்டர் நின்றார்.
"இன்னாம்மா அது?"
"மண்ணு."
பையை அழுத்திப் பார்த்தார்,
பிளாஸ்டிக்குக்குள் பூ தெரிந்தது.
"மண்ணுன்ற, டைல்ஸு கீதே" என்று
லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார்.